பனிக்காலத்துக்குச் சப்பாத்து வாங்குதல்: ஸ்காபரோவில் இருபத்தைந்து குளிர்காலங்களின் அனுபவம்

நான் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில். யாழ்ப்பாணத்தில் இறப்பர்ச் செருப்பை நாங்கள் 'பாட்டா' என்றுதான் சொல்வோம். இருபத்தாறு வயதுவரை என் கால்கள் பழகியிருந்தது பெரும்பாலும் அதற்குத்தான். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எனக்கு முன்னரே வந்திருந்த உறவினர்கள் மேலங்கி, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் தங்கள் அலுமாரிகளிலிருந்து எடுத்துத் தந்தார்கள். சப்பாத்து மட்டும் அளவு பொருந்தாததால் நானே வாங்க வேண்டியிருந்தது. முப்பது டொலருக்குள் ஒரு சோடி கிடைத்தது. கணுக்காலுக்கு மேலே அடர்த்தியான செயற்கை மயிர் விளிம்பு, உள்ளே மெத்தென்ற பஞ்சு. கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தது. குளிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தே வாங்கினேன். அந்த நினைப்பு ஐந்து கிழமைகூட நிலைக்கவில்லை.

1999 ஜனவரியில் ரொறன்ரோவில் பெய்த பனியை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தின் முதற்பாதியில் மட்டும் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட பனி விழுந்து, நகர முதல்வராக இருந்த மெல் லாஸ்ட்மன் இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டி வந்தது. நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு இருபது நிமிட நடை. நடைபாதைகள் மூடிக் கிடந்ததால் தெருவோரத்தில், வாகனங்கள் மிதித்துக் கரைத்த பனிச்சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. முதல் நாளே தையல்களின் வழியாக நீர் உள்ளே இறங்கிவிட்டது. உள்ளேயிருந்த பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. எட்டு மணி நேர வேலை முழுவதும் ஈரக் காலோடு நின்று, விடியற்காலையில் அதே சப்பாத்தோடு திரும்பி நடந்தேன். காலையில் கழற்றி வைத்தது, இரவு மீண்டும் போடும்போதும் காய்ந்திருக்கவில்லை. மூன்றாம் கிழமையில் விரல்கள் சிவந்து வீங்கின. சூடான அறைக்குள் வந்தவுடன் தாங்க முடியாத அரிப்பும் எரிவும் எடுத்தன. தசை உறைந்ததால் வந்த புண் அல்ல இது, ஈரக் குளிரில் வரும் வீக்கம் என்று மருத்துவர் சொன்னார். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகாதபோதுகூட இது வரும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது.

என்னோடு வேலை செய்த, பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்திருந்த ஓர் அண்ணை என் காலைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது ஈரத்திலை வந்தது. முதல் காலைக் காய வைச்சிருக்கப் பழகு. காய்ஞ்ச கால் தன்ரை பாட்டிலை சூடாகும்" என்றார். அடுத்த நாள் தன்னுடைய பழைய சோடி ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். பாதத்தைச் சுற்றி முழுவதும் இறப்பர், கணுக்காலுக்கு மேலே தோல், உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய தடித்த கம்பளி லைனர். ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் கோஃப்மன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட சொரெல் சப்பாத்து அது. 1962இலிருந்து அங்கே செய்யப்பட்டுவந்த அந்தப் பெயர், 2000ஆம் ஆண்டில் தொழிற்சாலை நொடித்துப்போனபோது ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாறியது. பழைய கட்டடம் இன்று குடியிருப்பாக இருக்கிறது. அளவு எனக்கு ஒன்று பெரிதாக இருந்தது. அதனால்தான் அது என் கால்களுக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பிறகே புரிந்துகொண்டேன்.

அண்ணை சொன்னதன் காரணம் எளிமையானது. பஞ்சும் கம்பளியும் தாமாகச் சூட்டைத் தருவதில்லை. அவற்றின் இழைகளுக்கிடையில் அசையாமல் தங்கியிருக்கும் காற்றுத்தான் காலின் சூட்டை வெளியேற விடாமல் தடுக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், எவ்வளவு தடித்த சப்பாத்தும் ஈரத்துணி சுற்றிய காலுக்குச் சமமாகிவிடும். ரொறன்ரோவில் இது இன்னும் கடுமையானது. இங்கே தெருக்களுக்கு உப்புப் போடுகிறார்கள். உப்பு கலந்த நீர் பூச்சியத்தில் உறைவதில்லை. அதைவிடப் பல பாகை கீழேயும் நீராகவே இருக்கும். ஆகவே தெருவோரத்தில் நாம் மிதிக்கும் அந்தச் சாம்பல் நிறச் சேறு, வெறும் பனி கரைந்த நீரைவிடக் குளிரானது. அது உள்ளே போனால் காலுக்குத் தரும் வேதனையை அந்த ஜனவரியில் நான் முழுமையாக அறிந்தேன்.

அதனால் கடையில் ஒரு சப்பாத்தை எடுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது அதன் தையல்களை. தரையிலிருந்து எவ்வளவு உயரத்துக்குத் தையலோ ஒட்டோ இல்லாமல் ஒரே வார்ப்பாக இறப்பர் ஏறியிருக்கிறது என்பதைக் கையால் தடவிப் பார்க்கிறேன். ரொறன்ரோவின் தெருமுனைகளில் தேங்கும் பனிச்சேறு கணுக்கால் அளவுக்கு வருவதால், குறைந்தது ஒரு சாண் உயரத்துக்காவது அப்படி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இறப்பரும் தோலும் சேரும் இடம் சப்பாத்தின் மிகப் பலவீனமான இடம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1912இல் லியோன் பீன் என்பவர் இறப்பர் அடியையும் தோல் மேற்பகுதியையும் இணைத்துச் செய்து விற்ற முதல் 100 சோடிகளில் 90 சோடிகள், தையல் பிரிந்து அவரிடமே திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைப்பைத் திருத்தி மீண்டும் செய்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சப்பாத்துகள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் கிழிகின்றன.

புளோர் வீதியில், 1995இல் திறக்கப்பட்ட பாட்டா காலணி அருங்காட்சியகத்துக்கு என் மகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊரில் செருப்புக்கே பெயராகிப்போன பாட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த சோன்யா பாட்டா சேர்த்துவைத்த தொகுப்பு அது. வட துருவத்தைச் சுற்றி வாழும் மக்களின் காலணிகள் அங்கே இருக்கின்றன. இனுவிட் பெண்கள் சீல் தோலில் தைக்கும் 'கமிக்' என்ற காலணியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். தோலின் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது அவர்களுடைய ஊசி ஒரு துண்டின் முழுத் தடிப்பையும் துளைத்து வெளியே வருவதில்லை. பாதித் தடிப்பிலேயே திரும்பிவிடும். விலங்கின் தசைநாரை நூலாகப் பயன்படுத்துவதால், ஈரம் பட்டவுடன் அது ஊதி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். உலர்ந்த கடுங்குளிருக்குக் கரிபூ மானின் மயிர்த்தோலும், பனி கரையும் ஈரமான பருவத்துக்குச் சீல் தோலும் என்று அவர்கள் பிரித்துப் பயன்படுத்தினார்கள். பனியோடு பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் குளிரையும் ஈரத்தையும் வெவ்வேறாகக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலணி செய்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது. நான் ஒரு சோடிக்குள் எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்துவிட்ட பிறகும் என் கால்கள் ஈரமாகிக்கொண்டுதான் இருந்தன. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலங்கள் எடுத்தன. வேகமாக நடக்கும்போதும் பஸ்ஸினுள் வெப்பத்தில் நிற்கும்போதும் கால் வியர்க்கிறது. இறப்பருக்குள் அந்த வியர்வைக்குப் போக வழியில்லை. அது லைனரில் இறங்கி, குளிர்ந்த வெளிச்சுவரின் உட்பக்கத்தில் நீராகப் படிகிறது. முதற் குளிர்காலத்தில் நானும் நண்பர்களும் காலுறைக்கு மேல் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு சப்பாத்தைப் போடுவோம். வெளிநீர் வராமல் இருந்தது உண்மை; ஆனால் வேலை முடிந்து கழற்றும்போது காலுறை பிழியும் அளவுக்கு வியர்வையில் நனைந்திருக்கும். பையைப் போடத்தான் வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், மெல்லிய காலுறை ஒன்றுக்கு மேலே பையையும், அந்தப் பைக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறையையும் போட வேண்டும். அப்போது மெல்லிய காலுறை நனைந்தாலும் சூட்டைக் காக்கும் கம்பளியும் லைனரும் காய்ந்தே இருக்கும். நெடுந்தூரம் போகும் நாள்களுக்கான அவசர ஏற்பாடு இது. அன்றாடம் செய்தால் கால் தோல் ஊறிப்போகும்.

அன்றாடத்துக்கு வேண்டியது கழற்றி எடுக்கக்கூடிய லைனர். நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லும் வேறொரு விடயம் இந்தக் கட்டுரையில் இல்லை. உள்ளேயே ஒட்டித் தைத்த பஞ்சு நனைந்தால், சப்பாத்தின் முனைப்பகுதிக்குள் காற்றுப் போகாததால் ஓர் இரவில் காயாது. லைனரை வெளியே எடுத்து நிறுத்தி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். இன்னொரு சோடி லைனரும் கையில் இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. காலுறையில் பருத்தியை நான் முற்றாக விட்டுவிட்டேன். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக் குளிரைத்தான் கொண்டுவரும். வியர்வை அதிகம் வருபவர்களுக்கு, நீராவியை வெளியே விட்டு நீரை உள்ளே விடாத கோர்-டெக்ஸ் போன்ற மென்படலம் உள்ள சப்பாத்து நல்லதுதான். ரொபேர்ட் கோர் 1969இல் கண்டறிந்த, நுண்துளைகள் நிறைந்த படலம் அது. ஆனால் வெளித்தோல் நீரில் ஊறி அழுக்கும் உப்பும் அடைத்துக்கொண்டால், படலம் நன்றாக இருந்தும் ஆவி வெளியேறாது என்பதை அனுபவத்தில் கண்டேன். துடைத்துப் பராமரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கே அந்தப் பணம் பலன் தரும்.

அளவு பற்றிச் சொல்லியிருந்தேன். அண்ணை தந்த பழைய சோடி தேய்ந்த பிறகு, 2003இல் நான் கடையில் என் சரியான அளவில் நல்ல விலைக்கு ஒன்று வாங்கினேன். தடித்த காலுறை இரண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் காலைத் திணித்தேன். பழைய சோடியைவிட அது குளிராக இருந்தது. இறுக்கம் இரண்டு விதத்தில் கெடுதி செய்கிறது: விரல்களுக்கு வரும் இரத்த ஓட்டத்தை அமுக்குகிறது, காலுறையின் இழைகளை நசுக்கி, சூட்டைக் காக்கும் காற்றை வெளியேற்றுகிறது. அன்றிலிருந்து சப்பாத்து வாங்கப் போகும்போது குளிர்காலத்தில் போடப்போகும் அதே காலுறையை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் பின்னேரத்தில்தான் போகிறேன். போட்டுக்கொண்டு எல்லா விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்க்கிறேன். முன்னே ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும், குதிக்கால் மட்டும் தூக்கி அசையக் கூடாது. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த எங்களில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் விரிந்திருக்கிறது. நீளத்தைக் கூட்டி அதைச் சரிசெய்தால் குதிக்கால் நழுவும்; அகல அளவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதே சரி.

பஸ்ஸுக்காக நிற்கும்போது சூடு எங்கே போகிறது என்று கவனித்தால், பெரும்பாலும் கீழேதான் போகிறது. உடலின் எடை உள்ளங்காலுக்குக் கீழே இருக்கும் பஞ்சை நசுக்கிவிடுவதால், பக்கங்களில் எவ்வளவு தடிப்பு இருந்தாலும் அடியில் பயனில்லை. தடித்த அடிப்பகுதியும், நசுங்காத கம்பளி அட்டை இன்சோலும் இந்த இடத்தில் காப்பாற்றும். வெட்டிப் போடக்கூடிய கம்பளி இன்சோல் சில டொலருக்குக் கிடைக்கிறது. அதற்கு இடம் விட்டுத்தான் சப்பாத்தின் அளவைத் தேர வேண்டும். தரிப்பிடத்தில் அரை மணி நேரம் நிற்க நேரும்போது ஒரு கடதாசி அட்டைப் பெட்டித் துண்டின்மேல் நின்று பாருங்கள், வேறுபாடு ஐந்து நிமிடத்தில் தெரியும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. '-40' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் நீண்டகாலம் ஏமாந்திருக்கிறேன். (செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் ஒரே எண்ணாக வருவது இந்த -40 மட்டுந்தான்.) எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஒரே அளவுகோலில் வருகிற எண்கள் அல்ல அவை, பனியில் நடந்துகொண்டே இருப்பவருக்குப் பொருந்தும் எண், அசையாமல் நிற்பவருக்குப் பொருந்தாது. தின்சுலேட் போன்ற பஞ்சில் குறிக்கப்படும் 200, 400, 800 கிராம் என்பதும் சப்பாத்துக்குள் இருக்கும் பஞ்சின் மொத்த எடையன்று. ஒரு சதுர மீற்றர் பஞ்சின் எடை அது, அதாவது தடிப்பின் அளவு. ரொறன்ரோவில் நடமாடும் ஒருவருக்கு 200 முதல் 400 வரை போதும் என்பது என் அனுபவம். 800 கிராம் சப்பாத்தோடு பேரங்காடிக்குள் அரை மணி நேரம் நடந்தால் கால் வியர்த்து, வெளியே வந்தவுடன் அந்த வியர்வையே குளிராக மாறும்.

2009இல் வின்னிபெக்கில் இருக்கும் என் மச்சானிடம் ஜனவரி மாதத்தில் போயிருந்தபோது இதன் மறுபக்கத்தைக் கண்டேன். அங்கே வெப்பநிலை -30க்குக் கீழே இருந்தது. அந்தக் குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது. பனி கரைவதுமில்லை, மணல் போல உலர்ந்து காலடியில் கிறீச்சிடும். என் இறப்பர்ச் சப்பாத்தைப் பார்த்த மச்சான், தன் வீட்டில் இருந்த தோலும் கம்பளியும் கொண்ட முக்லக் சோடியைத் தந்தார். நீர் புகாத தன்மை அதற்குப் பெரிதாக இல்லை. அங்கே அது தேவைப்படவும் இல்லை. எடை குறைவு, கால் நன்றாக மூச்சுவிட்டது, விரல்கள் சூடாகவே இருந்தன. அதே சோடியை ரொறன்ரோவின் மார்ச் மாதச் சேற்றில் போட்டால் ஒரு மணி நேரம் தாங்காது. ஆகவே ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் "எந்தச் சப்பாத்து நல்லது?" என்று கேட்கும்போது, எந்த நகரத்துக்குப் போகிறீர்கள், வாகனத்திலா பஸ்ஸிலா, வெளியில் நடப்பதா நிற்பதா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அம்மா 2007இல் எங்களிடம் வந்தார். அவருக்கு நான் செய்த பிழை, என் கால்களுக்குப் பொருந்தியதையே அவருக்கும் வாங்கிக் கொடுத்தது. கயிறு கட்டும், பாரமான, உயரமான சப்பாத்து. எங்கள் வாழ்க்கையில் சப்பாத்தைக் கழற்றிப் போடும் இடங்கள் அதிகம்: வீட்டு வாசல், உறவினர் வீடு, கோயில். ஒவ்வொரு இடத்திலும் குனிந்து கயிற்றை அவிழ்த்துக் கட்ட அம்மாவால் முடியவில்லை. கயிற்றைக் கட்டாமலே காலை நுழைத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார். 2015 பெப்ரவரியில் எங்கள் கட்டடத்தின் வாசலில், முதல் நாள் கரைந்து இரவில் மீண்டும் உறைந்திருந்த கண்ணாடி போன்ற பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தச் சப்பாத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அதன்பிறகுதான் அடிப்பகுதியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஆழமான பள்ளங்கள் உள்ள அடி, இளம்பனியில் நன்றாகப் பிடிக்கும். வழுவழுப்பான உறைபனியில் பள்ளங்களால் பயன் குறைவு. அங்கே வேண்டியது குளிரிலும் இறுகிப்போகாத மென்மையான இறப்பர். கடையின் சூட்டில் எல்லாமே மென்மையாகத்தான் இருக்கும் என்பதால், வாங்கிய இரவே பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு சப்பாத்தை பல்கனியில் விட்டு, காலையில் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன்; பிளாஸ்ரிக் போலக் கடினமாகியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ரொறன்ரோ மறுவாழ்வு ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் தங்கள் குளிர்கால ஆய்வுகூடத்தில், பாதுகாப்புக் கச்சை கட்டிய மனிதர்களை உறைபனிச் சரிவில் நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சரிவுவரை வழுக்காமல் நடக்க முடிகிறது என்று அளந்து 2016 நவம்பரில் பட்டியல் வெளியிட்டார்கள். வெறும் உறைபனியிலும் நீர் படிந்த உறைபனியிலும் 7 பாகைச் சரிவில் வழுக்காதவற்றுக்கு ஒரு பனிப்பூக் குறி, 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. முதலில் சோதித்த 98 சப்பாத்துகளில் 9 மட்டுமே அந்த ஒரு குறியையாவது பெற்றன. தேறியவற்றின் அடி இறப்பரில் கண்ணாடி நார்களோ கடினமான மணித்துகள்களோ கலக்கப்பட்டிருந்தன. விலைக்கும் பிடிப்புக்கும் தொடர்பில்லை என்பதை அந்தப் பட்டியல் எனக்குத் தெளிவாகக் காட்டியது. பூச்சியத்துக்கு அருகில், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும் உறைபனியே மிகவும் வழுக்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்; குளிர் கடுமையாக இருக்கும் நாளைவிட, வெயில் எறித்த நாளின் மாலைதான் முதியவர்களுக்கு ஆபத்தானது.

அம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தே, கணுக்காலுக்குச் சற்று மேலே வரும், பாரம் குறைந்த, பக்கத்தில் ஸிப் உள்ள ஒரு சோடி வாங்கினேன். ஸிப் வழியாகவே நீர் வரும் என்பதால், அதற்குப் பின்னால் நீர் புகாத மடிப்பு ஒன்று மேல்வரை தைக்கப்பட்டிருக்கிறதா என்று திறந்து பார்த்தே வாங்க வேண்டும். பல சப்பாத்துகளில் அந்த மடிப்பு பாதி உயரத்தோடு நின்றுவிடுகிறது. மிகவும் வழுக்கும் நாள்களில் மேலே மாட்டும் ஆணிப்பட்டையும் அவரிடம் இருந்தது. கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் அதைக் கழற்றாவிட்டால் பளிங்குத் தரையில் அந்த ஆணிகளே வழுக்கிவிடும். கோயிலுக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சோடி காய்ந்த காலுறை எப்போதும் இருக்கும்; எல்லோரும் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் தேங்கும் பனிநீரை மிதித்த காலுறையோடு திரும்பவும் சப்பாத்தை மாட்டினால் வீடுவரை ஈரக் கால்தான்.

அம்மாவுக்கு நீரிழிவும் இருந்தது. எங்கள் குடும்பங்களில் அது இல்லாத வீடு அரிது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். நீரிழிவால் கால் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்குச் சப்பாத்து கடிப்பதும் தெரியாது, விரல் உறைவதும் தெரியாது. "எனக்குக் குளிரேல்லை" என்று அவர்கள் சொல்வதை நம்பக் கூடாது. வீட்டுக்கு வந்தவுடன் காலுறையைக் கழற்றி விரல்களின் இடைவெளிவரை கண்ணால் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் சப்பாத்துக்குள் கையை விட்டுக் கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று தடவ வேண்டும். கால் விறைத்திருந்தால் ஹீற்றரிலோ சுடுநீரிலோ வைக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. மரத்த கால் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரே போதும். அந்தச் சூட்டை மற்றொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தோல் வெளிறி மெழுகு போல் ஆகியிருந்தால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் பனிக்குள் விழுந்து விளையாடுவதால் மேல்வாயை இழுத்துக் கட்டும் சப்பாத்தும், பள்ளிக்கூடப் பையில் மாற்றுக் காலுறையும் போதும். வளர்ந்துவிடுவார்கள் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் ஓடும்போது தடுக்கி விழுவார்கள்.

பராமரிப்பில் எனக்குக் கிடைத்த அடிகளுள் ஒன்று பெரியது. ஒரு மார்ச் மாத மலிவு விற்பனையில் விலையுயர்ந்த ஒரு சோடியை வாங்கி, இருப்பது தேயட்டும் என்று பேஸ்மென்டில் பெட்டியோடு வைத்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தபோது, அரை மணி நேரத்துக்குள் அடிப்பகுதி ரொட்டித் தூளைப் போல உதிர்ந்தது. பொலியூரித்தேன் என்ற நுரை, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது. போடாமல் வைத்திருந்தாலும் அது நிற்காது. ஆகவே பிற்காலத்துக்கென்று சப்பாத்தைச் சேமித்து வைப்பதை விட்டுவிட்டேன். மற்றவை சிறிய பழக்கங்கள்: உப்புக் கறை வெளுத்துத் தெரியும் அன்றே வினாகிரியும் நீரும் சமமாகக் கலந்து துணியால் துடைத்து, காய்ந்தபின் மெழுகு பூசுகிறேன். நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, ஒரு மணி நேரத்தில் மாற்றுகிறேன். ஹீற்றரின் மேல் வைப்பதில்லை. தோல் வெடிக்கும், ஒட்டுப் பசை விட்டுப்போகும்.

கடந்த ஒக்ரோபரில் என் தங்கையின் மகன் படிப்பதற்காக வந்தான். பகுதிநேர வேலை ஒரு பண்டகசாலையில் கிடைத்திருந்ததால், பச்சை முக்கோணக் குறியுள்ள பாதுகாப்புச் சப்பாத்து வேண்டுமென்று அங்கே சொல்லியிருந்தார்கள். விரல்களைக் காக்கும் முனைமூடியும் ஆணி துளைக்காத அடியும் கொண்டது என்பதைக் கனடாவில் அந்தக் குறி காட்டும். அதையே குளிருக்கும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். முனைமூடி விறைப்பானது, தடித்த காலுறைக்காக விரிந்து கொடுக்காது. நாள் முழுவதும் உள்ளே வேலை செய்து வியர்த்த சப்பாத்தோடு இரவில் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று விளக்கினேன். இரண்டு சோடி வாங்கினோம்: வேலையிடத்தில் வைத்துவிட்டு வர ஒன்று, போய்வர ஒன்று. இரண்டாவதை வாங்க ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கம்பளிக் காலுறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனோம். நான்கு சோடிகளைப் போட்டுப் பார்த்தான். மயிர் விளிம்பு வைத்த ஒன்றுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. அதன் தையலை அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குள்ளை தண்ணி வரும் போலை" என்று தானே சொல்லித் திருப்பி வைத்தான். கழற்றக்கூடிய லைனர் உள்ள, முன்பக்கம் அகலமான ஒன்றை எடுத்தோம். மேலதிக லைனர் ஒரு சோடியையும் சேர்த்து வாங்கினோம். அன்றிரவு அவனுடைய சப்பாத்து எங்கள் பல்கனியில் கிடந்தது. காலையில் அவன் எழும்பி முதலில் போய் அதன் அடியை நகத்தால் அழுத்திப் பார்த்தான்.